நான்கு பக்கங்களின் நிறை

பொன்னை உரைகல்லில் தேய்த்தும், நெல்லை மரக்காலில் அளந்தும் மதிப்பிடக் கற்ற மனிதன், வித்துவானின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் திட்டமான விடை கண்டானில்லை. அரசர் போர்த்திய சால்வையும், சபையோரின் கரகோஷமும், வாசலில் வந்து நிற்கும் சிஷ்யர்களின் தொகையும் ஒருகாலத்தில் அளவுகோல்களாக இருந்தன. இக்காலத்திலோ, விஞ்ஞானி ஒருவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரசுரித்திருக்கிறார், அவற்றைப் பிற விஞ்ஞானிகள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டியிருக்கிறார்கள் என்னும் இரண்டு எண்களே அவருடைய உத்தியோகத்தையும் பதவியுயர்வையும் ஆராய்ச்சி நிதியையும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. இந்தத் தராசு நியாயமாக நிறுக்கிறதா என்று அறிய வேண்டுமானால், நிறை இன்னதென்று காலமே தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு பொருளை அதில் ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. மனநோய் மருத்துவத்தில் அப்படிப்பட்ட பொருள் ஒன்று உண்டு.

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி வெளிவந்த 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியா' என்னும் வைத்தியச் சஞ்சிகையில், 349ஆம் பக்கத்தில் தொடங்கி 352ஆம் பக்கத்தில் முடிந்துவிடும் சிறு கட்டுரை ஒன்று இருந்தது. சித்தக் கொந்தளிப்புக்கு லித்திய உப்புக்களைக் கொடுத்துச் சிகிச்சை செய்த விவரம் அது. எழுதியவர் ஜான் கேட். அப்போது அவருக்கு வயது 37. தந்தையாரும் மனநோய் மருத்துவமனைகளில் வைத்தியராக இருந்தபடியால், அந்த மருத்துவமனைகளின் வளாகங்களிலேயே நோயாளிகளைக் கண்டும் அவர்களோடு பேசியும் வளர்ந்த பிள்ளை அவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ வைத்தியராகச் சென்று, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, சாங்கிச் சிறைமுகாமில் மூன்றரை ஆண்டுகள் கழித்தார். கைதிகளிடையே சித்தம் பேதலித்தவர்களை நாள்தோறும் கவனித்துவந்த அவருக்கு, இது மனத்தில் மட்டும் விளைந்த கோளாறன்று, தேகத்தில் ஏதோ ஒரு வஸ்து மிகுந்தோ குறைந்தோ போனதால் விளைந்ததாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

விடுதலை பெற்றுத் தாய்நாடு திரும்பி, மெல்போர்னை அடுத்த பண்டூராவில், போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கான மனநோய் மருத்துவமனையில் பணி ஏற்றதும், அவர் அந்த எண்ணத்தைச் சோதிக்கத் தலைப்பட்டார். பெயர்பெற்ற சோதனைச்சாலையோ உதவியாளர் கூட்டமோ அவருக்கு இல்லை; புழக்கமற்றுக் கிடந்த ஒரு சமையலறையே சோதனைச்சாலை; நோயாளிகளிடமிருந்து சேகரித்த சிறுநீர்ப் புட்டிகளுக்கு அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே காப்பிடம். தைராய்டு சுரப்பு மிகுந்தால் ஒரு நோயும் குறைந்தால் வேறொரு நோயும் வருவதுபோல, உன்மத்த எழுச்சி என்பது ஏதோ ஒரு பொருள் உடலில் மிகுந்ததன் விளைவு, சோர்வுநோய் என்பது அதே பொருள் குன்றியதன் விளைவு என்பது அவருடைய யூகம். மிகுந்த பொருள் சிறுநீரில் கழிந்தாக வேண்டுமல்லவா? ஆகவே உன்மத்தம் கொண்டோரின் சிறுநீரைக் கினிப்பன்றிகளின் வயிற்றுக் குழியில் செலுத்தினார். அவை மாண்டன, அதுவும் பிறரது சிறுநீரில் மாண்டதைவிடக் குறைந்த அளவிலேயே மாண்டன. கொன்றது யூரியா என்று தெரிந்தது; அதன் நஞ்சை மிகுவிப்பது யூரிக் அமிலமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரைவதில்லை. கரைய வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக, அவ்வமிலத்தின் உப்புக்களுள் நன்கு கரையக்கூடிய லித்திய உப்பை அவர் எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் எதிர்பாராதது நேர்ந்தது. நஞ்சு மிகுவதற்குப் பதிலாகக் குறைந்தது. யூரிக் அமிலத்தை விலக்கிவிட்டு லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது, சற்றே தொட்டாலும் துள்ளி ஓடும் இயல்புடைய அந்தச் சிறு பிராணிகள், இரண்டு மணி நேரம் கழித்து, மல்லாக்கப் படுக்க வைத்தாலும் புரண்டெழ முயலாமல் சாந்தமாக மனிதனின் முகத்தைப் பார்த்தபடி கிடந்தன. பின்னும் ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு மீண்டன. அவற்றின் சாந்தம் உண்மையில் லித்தியத்தின் நச்சு மயக்கமாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுவர். யூரிக் அமிலம் பற்றிய மூல யூகமும் நிலைபெறவில்லை. ஆக, தவறான யூகத்தில் புறப்பட்டு, சந்தேகத்துக்குரிய சோதனை வழியே நடந்து, சரியான வாசலில் வந்து நின்ற பயணம் இது.

லித்தியத்தைத் தாமே சிலநாள் உட்கொண்டு, உயிருக்குத் தீங்கில்லை என்று தெளிந்த பின்னரே கேட் அதை நோயாளிக்குக் கொடுத்தார். முதல் நோயாளியைக் கட்டுரை இரண்டு முதலெழுத்துக்களால் மட்டும் குறிக்கிறது: 51 வயதினர், ஐந்து ஆண்டுகளாக ஓயாத உன்மத்த எழுச்சியில் இருந்தவர், அழுக்கும் ஆரவாரமும் அழிம்புமாக, அந்த வார்டிலேயே மிகத் தொல்லை தருபவர் என்று பெயர் வாங்கியவர், வெளியுலகம் காணும் பாக்கியம் இனி அவருக்கு இல்லை என்றே எல்லாரும் கைவிட்டிருந்தனர். 1948ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி அவருக்கு மருந்து தொடங்கப்பெற்றது. சில நாட்களில் ஆரவாரம் தணிந்தது. மூன்று வாரங்களில், குணமடைந்து வருவோர் தங்கும் வார்டுக்கு மாறினார். ஜூலை மாதம் வீடு சென்று, பழைய வேலையிலேயே மீண்டும் அமர்ந்தார். சில மாதங்களில் மருந்தை நிறுத்திவிட்டு, நோய் முற்றித் திரும்பி வந்ததும், மறுபடி மருந்து கொடுக்க மறுபடி தெளிந்ததுமாகிய பிற்பகுதி, சிகிச்சைக்குச் சாட்சியாகவே அமைந்தது.

கட்டுரையில் வரும் உன்மத்த நோயாளிகள் பதின்மர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாக் குழு கிடையாது, புள்ளியியல் கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழி, பானையில் இருப்பதெல்லாம் ஒரே அரிசி, ஒரே தீயில் வெந்தது என்ற நிச்சயத்தின்மேல் நிற்கிறது. உன்மத்தமோ தானே எழுந்து தானே அடங்கும் இயல்புடைய நோய்; ஒருவர் தேறினால் அது மருந்தாலா, நோயின் போக்காலா என்று சொல்வதற்குப் பத்துப் பேர் போதாது. ஐந்தாண்டு அடங்காதது மூன்று வாரத்தில் அடங்கியது என்ற ஒரு செய்திதான் கேட்டின் பக்கம் வலுவாக நின்றது.

கட்டுரை பிறந்த வேளையும் நல்ல வேளையாக வாய்க்கவில்லை. இருதய நோயாளிகளுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை அமெரிக்காவில் விற்றுவந்தனர். அதைத் தாராளமாகத் தூவி உண்டவர்களில் சிலர் இறக்கவே, அதே 1949இல் அரசு அதைச் சந்தையிலிருந்து அகற்றியது. லித்தியம் என்றால் விஷம் என்ற பெயர் உலகெங்கும் பரவிய சில மாதங்களுக்குள் கேட்டின் கட்டுரை வந்தது. மறுவருஷம், அவருடைய அந்த முதல் நோயாளியே லித்திய நஞ்சால் மாண்டார். மனமுடைந்த கேட் சிலகாலம் அம்மருந்தைத் தாமே விலக்கி வைத்தார். அந்த 1949ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி மனநோய்ச் சிகிச்சைக்குத்தான் கிடைத்தது. ஆனால் அது, மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்துவிடும் சத்திரசிகிச்சையைக் கண்ட போர்ச்சுகல் நாட்டு ஈகாஸ் மோனிஸுக்கு. அன்றைய உலகம் எதைப் புகழ்ந்தது என்பதையும், இன்றைய உலகம் எதைக் கைக்கொண்டிருக்கிறது என்பதையும் இந்த ஒரு வருஷத்தில் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பின் அக்கட்டுரை பிழைத்தது எப்படி? பிறர் கையால் பிழைத்தது. மெல்போர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் டிராட்னர், லித்தியத்தின் குற்றம் அதன் குணத்தில் இல்லை, அளவில் இருக்கிறது என்பதை உணர்ந்து, நோயாளியின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறதென்று அளக்கத் தொடங்கினார். உலோகங்கள் பல தீயில் தமக்கென ஒரு நிறம் காட்டும். சோடியம் மஞ்சளாகவும் லித்தியம் கருஞ்சிவப்பாகவும் ஒளிரும். ரத்தத் தெளிவை நுண்துளிகளாகச் சுடரில் தெளித்து, எழும் சிவப்பொளியின் பிரகாசத்தைக் கருவியால் அளந்தால், லித்தியத்தின் அளவு தெரிந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறிகள் தலைகாட்டத் தொடங்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு ஒடுங்கிய வரப்பு. அந்த வரப்பின்மேல் விழாமல் நடக்க வழிகாட்டிய விளக்கு, டிராட்னரும் அவருடைய சகாக்களும் 1951 முதல் எழுதிய கட்டுரைகளே.

அடுத்த கை டென்மார்க்கினுடையது. ஆர்ஹூஸ் நகரை அடுத்த ரிஸ்கோவ் மருத்துவமனையில் பணிசெய்த மோகன்ஸ் ஸ்கூ, கேட்டின் கூற்றை நம்பவுமில்லை, ஒதுக்கவுமில்லை, சோதித்தார். உன்மத்த நோயாளிகள் 38 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, எந்த வேளை லித்தியம், எந்த வேளை வெற்று மாத்திரை என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்து, கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாதபடி மறைத்துவைத்து, 1954இல் முடிவை வெளியிட்டார். கேட் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதன் பின்னர் ஸ்கூவும் அவருடைய நண்பர் பால் பாஸ்ட்ரூப்பும், மருந்தைத் தொடர்ந்து உண்டால் நோய் மறுபடி வராமலே தடுக்கலாம் என்று 1967இல் எழுதினர். மறுவருஷமே லண்டனிலிருந்து பாரி பிளாக்வெல், மைக்கேல் ஷெப்பர்டு இருவரும், இது இன்னொரு சிகிச்சைக் கட்டுக்கதையாக இருக்கலாகாதா என்று 'லான்செட்' சஞ்சிகையில் வெளிப்படையாகவே தாக்கினர். ஸ்கூவின் சகோதரர் சோர்வுநோயால் வருந்தி லித்தியத்தால் நலமடைந்தவர். ஆகையால் அவருடைய ஆர்வம் நடுநிலை தவறியது என்ற குறிப்பும் அவ்வாதங்களினூடே ஓடியது. இதற்கு வாய்ச்சொல்லால் பதில் சொல்லிப் பயனில்லை. லித்தியத்தால் நலமாக இருந்த 84 பேரில் 39 பேருக்கு, எவரும் அறியாதபடி, வெற்று மாத்திரை மாற்றிக் கொடுக்கப்பெற்றது. 45 பேருக்கு மருந்து தொடர்ந்தது. முன்னவருள் 21 பேருக்கு நோய் திரும்பியது; பின்னவருள் ஒருவருக்கும் திரும்பவில்லை. 1970இல் இது பிரசுரமாயிற்று. அமெரிக்க அரசு உன்மத்த நோய்க்கு லித்தியத்தை அங்கீகரித்ததும் அதே ஆண்டில்தான். கேட் எழுதி 21 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இனி, தராசைக் கொண்டுவருவோம். சட்டப் புத்தகங்களில், ஒரு தீர்ப்பைப் பிந்திய எந்தெந்தத் தீர்ப்புக்கள் எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணைகள் அமெரிக்க வக்கீல்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கைக்கருவி. அந்த முறையை விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955இல் அவர் யோசனை சொன்னார். 1964இல் பிலடெல்பியாவிலிருந்து விஞ்ஞான மேற்கோள் அட்டவணை வெளிவரலாயிற்று. ஒரு கருத்து எங்கே பிறந்து எவ்வெவர் கைக்கு மாறியது என்று தேடிச் செல்லும் வழிகாட்டியாகவே அவர் அதை முதலில் அமைத்தார். ஆனால் எண்ணக்கூடியது எதுவோ அது விரைவில் மதிப்பெண்ணாக மாறிவிடுகிறது. முந்திய இரண்டு ஆண்டுகளில் ஒரு சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்ற கணக்கு, அச்சஞ்சிகையின் 'தாக்கக் காரணி' ஆயிற்று. அக்கணக்கின்படி, 1949இன் கட்டுரையை 1954இல் ஸ்கூ எடுத்தாண்டது சல்லிக்காசு பெறாது. இரண்டாண்டு வாயில் அதற்குள் சாத்தப்பட்டுவிட்டது.

தனி மனிதரை அளக்க 2005இல் பௌதிக அறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ் வகுத்தது ஹெச் குறியெண். ஒருவரது கட்டுரைகளை, மிகுதியாக எடுத்தாளப்பட்டதை முதலில் வைத்து வரிசையாக அடுக்குங்கள். ஆறாம் கட்டுரைக்குக் குறைந்தது ஆறு மேற்கோள் இருந்து, ஏழாம் கட்டுரைக்கு ஏழு இல்லாவிட்டால், அவருடைய குறியெண் ஆறு. விடாமல் உழைப்பவரை இது ஓரளவு அடையாளம் காட்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும், அவருடைய குறியெண் ஒன்றுக்கு மேல் ஏறாது. கேட் அதிகம் எழுதியவரல்லர். இன்றைய நேர்காணல் குழுவின் முன் 1951ஆம் ஆண்டுக் கேட்டை நிறுத்தினால், கையில் உள்ள எண்களைப் பார்த்துவிட்டு, 'அடுத்தவரை வரச் சொல்லுங்கள்' என்றிருப்பார்கள். நெடுநாள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்து பின்னர் விழித்தெழும் இத்தகைய கட்டுரைகளுக்கு 'உறங்கும் அழகிகள்' என்று 2004இல் டச்சு அறிஞர் வான் ரான் பெயர் சூட்டினார்.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் காண்போம். லண்டன் மனநோய் மருத்துவ நிலையத்தில் உளவியல் துறையைத் தோற்றுவித்த ஹான்ஸ் ஐசென்க், ஏறக்குறைய 80 நூல்களும் ஆயிரத்தை மிஞ்சும் கட்டுரைகளும் எழுதியவர். 1997இல் அவர் மறைந்தபோது, விஞ்ஞான சஞ்சிகைகளில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்ற உளவியலாளர்களுள் முதல் வரிசையில் இருந்தார். 1952இல் அவர் எழுதிய சில பக்கக் கட்டுரை, பேச்சு வழிச் சிகிச்சையால் தேறுகிறவர்களின் விகிதம், சிகிச்சையின்றித் தாமே தேறுகிறவர்களின் விகிதத்தைவிட மேலானதன்று என்று வாதித்து, ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களைச் சினமூட்டியே உழைக்க வைத்தது. பிழையென்று நிறுவுவதற்காகக் காட்டப்படும் மேற்கோளும், மெய்யென்று போற்றிக் காட்டப்படும் மேற்கோளும் கணக்கில் ஒன்றுதான் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. ஆயினும் அந்தச் சினத்தால் நன்மை விளைந்தது. பேச்சுவழிச் சிகிச்சையையும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பிறந்தது. அவருடைய எழுத்தின் இன்னொரு பகுதிக்கு அவ்வளவு நல்ல முடிவு வாய்க்கவில்லை. மனிதனின் சுபாவமே புற்றுநோயை வரவழைக்கிறது என்று ரொனால்டு குரோசார்த்-மாட்டிசெக்குடன் சேர்ந்து அவர் எழுதியவற்றில் கண்ட எண்கள் நம்பத் தகாதவை என்று, அவர் உயிரோடிருந்தபோதே கண்டனம் எழுந்தது. 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, 26 கட்டுரைகள் பாதுகாப்பற்றவை என்று அறிவித்தது. பின்னர்ப் பல சஞ்சிகைகள் தாம் அச்சிட்டவற்றைத் திரும்பப் பெற்றன. அதுவரை அவையும் மேற்கோள்களாக எண்ணப்பட்டு, அவருடைய கீர்த்திக் கணக்கில் வரவு வைக்கப்பட்டே இருந்தன.

எந்த இடத்தில் அச்சாயிற்று என்பதும் நிறையைக் கூட்டும், குறைக்கும். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள வைத்தியர்கள், சர்ப்பகந்தி வேர் சித்தபிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தாகும் என்று இந்திய வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் எழுதினர். அந்த வேர் நம் நாட்டு வைத்தியர்களுக்குப் பழகியதே. கட்டுரையும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆயினும் மேல்நாடு அதைப் பொருட்படுத்தவில்லை. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்புக்கு அதன் பயனைப் பிரிட்டிஷ் இருதயச் சஞ்சிகையில் எழுதியது, வியப்பாக, அதே 1949இல். அதன் பின்னரே மேல்நாட்டார் கவனித்தனர். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டு, மனநோய் மருத்துவமனைகளிலும் நுழைந்தது. விஷயம் ஒன்று, வேர் ஒன்று. மாறியது சஞ்சிகையின் முகவரிதான்.

மேற்கோள் எண்ணிக்கை எதிரொலியை அளக்கும் கருவி. எதிரொலியின் பலம் குரலின் உண்மையைப் பொறுத்ததன்று, எதிரே நிற்கும் மலையைப் பொறுத்தது. ஓர் ஆராய்ச்சியாளரின் செல்வாக்கு எனத் தகுவது, அவர் சொன்னதைப் பிறர் எத்தனை முறை திருப்பிச் சொன்னார்கள் என்பதில் இல்லை. அதைச் சந்தேகித்துச் சோதித்து, குறையை நீக்கித் தம் கைக்கருவியாக ஆக்கிக்கொண்டார்களா என்பதில் இருக்கிறது. கேட்டின் நான்கு பக்கங்களுக்கு டிராட்னரின் சுடரும் ஸ்கூவின் நாணயமும் மட்டுமல்ல, பிளாக்வெல்லின் கண்டனமுமே நிறை சேர்த்தன. அவை வெளிவந்த ஆஸ்திரேலியச் சஞ்சிகையில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளின் முன்னணியில் அக்கட்டுரை இன்று இருக்கிறதென்றால், அந்த எண் பின்னால் வந்த சான்றிதழே ஒழிய, நிறையைத் தந்த பொருளன்று.

சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்டன் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: ஒரு கருத்து முழு வெற்றி பெற்றுவிட்டால், அதைச் சொன்னவரின் பெயர் மேற்கோளிலிருந்தே மறைந்துவிடும். உன்மத்தமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயுடைய ஒருவர் நம் ஊர் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, துணைக்கு வந்த தாயாரோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சீட்டில் 'லித்தியம் 0.8' என்று எழுதியிருக்கிறது. வைத்தியர் அதைப் பார்த்துத் தலையசைத்து, 'பழைய அளவே இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்' என்று சொல்லி, அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். அந்தச் சீட்டில் கேட்டின் பெயர் இல்லை. எந்த அட்டவணையும் அதை ஒரு மேற்கோளாக எண்ணப் போவதுமில்லை. தாயார் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகனை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறார்.